பாப்பாயியின் சோளத் தண்ணி

பிறந்த வீட்டுக்குப் போகும் பெண் யாராவது குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாளா? பாப்பாயி எடுத்துக்கொண்டுதான் போவாள். ஆரம்பத்தில் பித்தளைத் தூக்குப்போசி, பிறகு பிளாஸ்டிக் பாட்டில், கடைசியில் ஒரு பச்சை நிற ஃபிளாஸ்க். பாத்திரம் மாறியதே தவிர, பழக்கம் மாறவில்லை.

அவள் பிறந்த வீடு பரமத்தி வேலூரில், காவிரிக்கரையை ஒட்டி இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோப்பும் சூழ்ந்த வீடு. வாசலில் குழாயைத் திறந்தால் இளநீர் போல் தண்ணீர் கொட்டும். அவள் வாழ்க்கைப்பட்டதோ பரமத்தியைத் தாண்டி வடக்கே உள்ள மேட்டுக்காட்டுச் சிற்றூர். அங்கே போர்வெல் தண்ணீர்தான். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். இனிக்கிற தண்ணீர் உள்ள வீட்டுக்கு, கரிக்கிற தண்ணீரைச் சுமந்துகொண்டு முப்பது வருடமாக அவள் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று கேட்டால், அது அவளுடைய ஒரே தம்பி வெள்ளியங்கிரியின் கல்யாணத்தில் தொடங்கிய கதை.

வெள்ளியங்கிரி தவழ்கிற வயதிலேயே அம்மா போய்விட்டாள். பாவாடை கட்டிய பாப்பாயிதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். தன் கல்யாணத்தன்று அவன் அழுத அழுகையைப் பார்த்து, முகூர்த்தச் சேலையோடு உட்கார்ந்து அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏறினாள். அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து புருசன் போனான். மடியில் ஒரு பிள்ளைகூட இல்லை. இருபத்துச் சொச்சம் வயதில் வெறும் கழுத்தோடு நின்றவளுக்கு, உலகத்தில் பற்றிக்கொள்ள இருந்தது தம்பி ஒருவன்தான்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் கனவு கண்டதெல்லாம் ஒன்றே ஒன்று. இணைச்சீர். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் சடங்கு அது. உனக்குப் பெண்டாட்டி வந்தாலும், உன்னோடு பிறந்தவள் நான் இருக்கிறேன் என்று ஊரறியச் சொல்லும் நேரம். அதற்காகவே சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

சீர் தொடங்கும் நேரம். தலைவாரி, சேலை உடுத்தி, கூடையைத் தொடப்போன பாப்பாயியின் கையை ஒரு பெரியம்மா மெதுவாகப் பிடித்து விலக்கினாள்.

“நீ அந்தப் பக்கம் போயி நில்லு சாமி. உனக்குத் தெரியாததா?”

பெரியப்பா மகள் ஒருத்தி வந்து கூடையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தாலி இருந்தது. பாப்பாயி தம்பியைப் பார்த்தாள். “எங்கக்காதான் நிக்கோணும்” என்று அவன் சொன்னால் போதும். ஒரு வார்த்தை. மணவறையில் நின்ற வெள்ளியங்கிரி அக்காவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

பாப்பாயி அழவில்லை. பந்தியில் போய் இலை போட்டாள், சோறு வைத்தாள். மாலையில் புதுப்பெண் மஞ்சுளா பாலும் பழமும் கொண்டுவந்து நீட்டியபோதுதான் வாயைத் திறந்தாள். அதுவும் அந்தப் பெண்ணிடம் அல்ல. பின்னால் நின்ற தம்பியிடம்.

“நீ நல்லா இரு சாமி. நல்லது கெட்டதுக்கு நான் வருவேன். ஆனா இந்த ஊட்டுப் பச்சத் தண்ணி இனிமே என் தொண்டையில எறங்காது.”

சொன்னபடியே இருந்தாள். மஞ்சுளாவின் பிரசவத்துக்கு வந்து பத்தியச் சோறு வடித்தாள். மகள் மதுமதிக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டாள். சந்தை நாள்தோறும் தவறாமல் வந்தாள். ஆனால் தன் கட்டுச்சோறு, தன் தண்ணீர். மதுமதி சிறுமியாக இருந்தபோது, அத்தை ஏதோ சாமிக்கு வேண்டுதல் வைத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். மஞ்சுளா மட்டும், நாத்தனார் வாசலில் கால் வைத்ததும், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“டீ வைக்கட்டுங்களா நங்கையா?”

“வேண்டாம் கண்ணு. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்.”

இருவருக்குமே தெரிந்த பொய். ஆனாலும் கேட்காமல் இருக்க இவளால் முடிந்ததில்லை. சொல்லாமல் இருக்க அவளாலும் முடிந்ததில்லை.

பாப்பாயிக்கு டீ என்றால் உயிர். தனியாக வாழ்கிறவளுக்கு வேறென்ன துணை? விடிந்ததும் ஒன்று, எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுவிட்டு ஒன்று, வெயில் ஏற ஒன்று, பொழுது சாய ஒன்று. சோறு தவறினாலும் டீ தவறாது. அறுபது தாண்டியதும் வயிறு எரிய ஆரம்பித்தது. நெஞ்சுக்கு ஏறும் எரிச்சல். தூக்கமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“சாப்பாட்டுக்குப் பதிலா டீ குடிக்கிறீங்க. இதைக் குறைக்காம நான் என்ன மாத்திரை குடுத்தாலும் பிரயோசனம் இல்லைம்மா.”

நிறுத்திப் பார்த்தாள். தலை இடித்தது. கை நடுங்கியது. ஆடு கத்தினால் கோபம் வந்தது. சூடாக ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்காரும் அந்தச் சிறிது நேரம்தான் அவளுக்கு வாழ்க்கையின் சுகம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

ஒருநாள் மத்தியானம், மாவரைக்கச் சோளம் வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேட்டுக்காட்டில் விளைந்த வெள்ளைச் சோளம். மாட்டுக்குத் தட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் தானியம். வறுபடும் நேரத்தில் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் ஓடியது. துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தால், மண்சட்டியில் சோளம் பழுப்பாகிக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் ஒட்டிக்கொண்டும் இருந்தது. சலிப்போடு மேலே கிடந்ததை அள்ளிக் கொட்டிவிட்டு, சட்டியை ஊறவைக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

சுர்ரென்று ஆவி எழுந்தது. அதோடு ஒரு வாசம். மழை விழுந்த காடும் புதுச்சோறும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். பாப்பாயி அப்படியே நின்றுவிட்டாள். சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டாள். வடிகட்டினால், டிகாக்‌ஷன் போலச் செந்நிறத்தில் இறங்கியது. டம்ளரில் ஊற்றி வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். லேசான கசப்பு. கசப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு. அடியில் அந்த ஊர்த் தண்ணீரின் மெல்லிய உப்பு. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் கைக்குச் சூடு இருந்தது, வாய்க்கு ருசி இருந்தது, குடித்து முடித்த பின் நெஞ்சு எரியவில்லை.

அன்றிலிருந்து அதுவே அவளுடைய டீ. கருகவிடாமல், சிறுதீயில் கிண்டிக்கொண்டே வறுக்கப் பழகினாள். ஆறவைத்து டப்பாவில் போட்டுக்கொண்டாள். வேண்டும்போது ஒரு கைப்பிடி, ஒரு சொம்புத் தண்ணீர், கிள்ளிப் போடச் சிறு துண்டு சுக்கு. கொஞ்ச நாளில் தலைவலி விட்டது. தூக்கம் வந்தது. வயிற்று எரிச்சலும் தணிந்தது. பால் வாங்க வரும் பெண்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பாள். பக்கத்துக் காட்டுக் கந்தம்மாள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள்.

“ஏனக்கா, உன்ற ஊட்டுல எருமைக்கும் மனுசருக்கும் ஒரே தீவனமா?”

“எருமைக்கு ஒரு வியாதி உண்டா பாரு. சும்மா குடி” என்றாள் பாப்பாயி.

சிரித்துக்கொண்டே குடித்த கந்தம்மாள், அடுத்த வாரம் தன் வீட்டிலும் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

பிறந்த வீட்டுக்குப் போகும் ஃபிளாஸ்க்கிலும் இப்போது வெறும் தண்ணீருக்குப் பதில் சோளத் தண்ணி ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளியங்கிரிக்கு உடம்பு கெட்டது. அவனுக்குச் சர்க்கரை வெகுநாளாக உண்டு. வீட்டில் மஞ்சுளா சர்க்கரை போடாத டீ கொடுத்தால், நல்ல பிள்ளை போல் அதைக் குடித்துவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரிக்குப் போய் இனிக்க இனிக்க இன்னொரு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டு வருவான். ஒருநாள் அந்தப் பேக்கரி வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாமக்கல்லுக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தப்பியது. ஆனால் திரும்பி வந்தவன் பழைய வெள்ளியங்கிரி அல்ல. கொடிக்காலுக்கு நடக்க முடியவில்லை. கால் வீங்கியது. பெங்களூரில் வேலை பார்க்கும் மதுமதி போன் செய்து, பேக்கரிப் பக்கம் போனால் நான் பேசவே மாட்டேன் என்று மிரட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சந்தை நாளன்று பாப்பாயி வந்தபோது, முன்கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“டீ வைக்கட்டுங்களா நங்கையா?” என்றாள் மஞ்சுளா, வழக்கம்போல.

“வேண்டாம் கண்ணு. இப்பத்தான் குடிச்சேன்.”

பாப்பாயி கட்டிலோரம் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். அந்த வாசம் கூடம் முழுக்கப் பரவியது. வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தான்.

“அதென்னக்கா குடிக்கிற?”

“சோளத்த வறுத்துக் காய்ச்சினது.”

“மாட்டுத் தீவனத்தையா?”

“ஆமா. நீ பேக்கரியில மைதாவத் தின்ன. நான் தீவனத்தக் குடிக்கிறேன். யாரு படுத்துக் கெடக்கறா, யாரு உக்காந்திருக்கறா பாரு.”

வெகு நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது. கையை நீட்டினான். “எனக்கு ஒரு வாய் குடுக்கா.”

பாப்பாயியின் கை ஒரு கணம் தயங்கியது. தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொன்னது அவள்தானே. கொடுக்க மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லையே. மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். பாவாடை கட்டிய வயதில் அவனுக்குச் சோறு ஊட்டிய அதே கை. வெள்ளியங்கிரி மெல்ல மெல்லக் குடித்தான். மூடியைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லாத்தான்க்கா இருக்குது” என்றான். “கொஞ்சம் உப்புக் கரிக்குது.”

“எங்கூர்த் தண்ணி அப்படித்தான்.”

அதற்குப் பிறகு சந்தை நாளுக்காக அவன் காத்திருக்க ஆரம்பித்தான். பாப்பாயியும் பெரிய ஃபிளாஸ்க்காக ஒன்று வாங்கினாள். சந்தை நாள் மட்டும் என்பது போய், மனசு கேட்காத நாளெல்லாம் பஸ் ஏறினாள். வறுத்த சோளத்தை ஒரு டப்பாவில் போட்டு மஞ்சுளாவிடமும் கொடுத்தாள். மற்ற நாட்களில் மஞ்சுளா காய்ச்சிக் கொடுப்பாள். டாக்டரும், சர்க்கரை போட்ட டீக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்றாராம். பேக்கரிப் பேச்சே வீட்டில் நின்றுபோனது.

அக்காவும் தம்பியும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். வெற்றிலை விலை, செத்துப்போன அப்பா, காவிரியில் வந்த வெள்ளம். எல்லாம் பேசுவார்கள். ஒன்றைத் தவிர. அவன் டம்ளர் அந்த வீட்டு டம்ளர். அவள் டம்ளர் அவள் பையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு வார்த்தையை இருவருமே தொடவில்லை.

ஆனால் வெள்ளியங்கிரியின் மனசில் அது புழுவாகக் குடைந்துகொண்டிருந்தது. தன் நாட்கள் குறைந்துவருவது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் மஞ்சுளாவை அருகில் அழைத்தான்.

“ஏம்புள்ள, எங்கக்கா இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காம நான் போயிட்டா, என் கட்டை வேகுமா?”

“வாயத் தெறந்து கேளுங்க. தப்புத்தான்க்கான்னு சொல்லுங்க. அவங்க அதுக்குத்தான காத்திருக்கறாங்க.”

“வருசம் முப்பதாச்சு. இப்பப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?” என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். “அந்த ஃபிளாஸ்க்க மாத்தி வெச்சுரு. ரெண்டும் சோளத் தண்ணிதான. ஒரு வாய் உள்ள போயிருச்சுன்னா, ஆணை தானா முறிஞ்சிரும். பொறவு நான் சொல்லிக்கறேன்.”

மஞ்சுளா மறுத்தாள். அவன் கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரைத் தாண்டி அவளால் மறுக்க முடியவில்லை.

அடுத்த சந்தை நாள் பாப்பாயி ஃபிளாஸ்க்கைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, கிடாய்க்குக் கயிறு வாங்கச் சந்தைக்குப் போனாள். அவள் வருவதற்குள் மஞ்சுளா அதிலிருந்ததைக் கொட்டிவிட்டு, அதே சோளத்தில், தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் காய்ச்சியதை நிரப்பி வைத்தாள். மூடியை இரண்டு முறை திருகினாள்.

வெயிலில் வந்த பாப்பாயி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள்.

உப்பு இல்லை. காவிரித் தண்ணீரின் இனிப்பு. சிறு வயதில் இதே வீட்டில் குடித்து வளர்ந்த தண்ணீர். தம்பிக்குப் பால்புட்டி கழுவிய தண்ணீர். முப்பது வருடம் நாக்கில் படாமல் இருந்தாலும் நாக்கு மறந்துவிடுமா? கட்டிலில் வெள்ளியங்கிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டு வாசலில் மஞ்சுளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பாயி வாயை மூடியபடியே வாசலுக்கு நடந்தாள். வாழைமரத்தடியில் குனிந்து அதைத் துப்பினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் கல்லாகியிருந்தது.

“தம்பி, அன்னைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல. சரி, சின்னப்பையன், பயந்துட்டான்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். இன்னைக்கு இந்தக் கூடத்துல யாரு இருக்கறா? நானும் நீயுந்தான? இப்பவுமா உனக்கு வாய் வரல? திருட்டுத்தனமாத்தான் என் ஆணைய முறிக்கோணுமா?”

“அக்கா...”

“என்ன சொல்லு.”

வெள்ளியங்கிரியின் உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் அவன் தலையைத்தான் குனிந்துகொண்டான். அன்று மணவறையில் குனிந்த அதே தலை, இப்போது நரைத்திருந்தது.

பாப்பாயி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஃபிளாஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டாள்.

அடுத்த சந்தை நாள் அவள் போகவில்லை. காட்டில் வேலையே இல்லாதபோதும் வேலை இருப்பதுபோல் திரிந்தாள். போன் அடித்தது. வெள்ளியங்கிரியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

“அக்கா... சோளம் தீந்துபோச்சுக்கா.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“உன்ற பொண்டாட்டிக்குத்தான் எல்லா வித்தையும் தெரியுதே. வறுத்துக்கச் சொல்லு!”

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. சோளம் தீர்ந்துபோச்சு என்று சொல்லவா அவன் கூப்பிட்டிருப்பான்? அது வா என்று கூப்பிடும் அழைப்பல்லவா? எழுந்து திரும்பக் கூப்பிட நினைத்தாள். கை போன் வரை போய்த் திரும்பியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அய்யோ, அந்த நாளைக்கு வேறு மாதிரி விடியப்போகிறது என்று யார் அவளுக்குச் சொல்வது?

மறுநாள் காலையிலேயே சட்டியை அடுப்பில் வைத்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தம்பிக்குப் பிடிக்கும் பதத்தில், கருகாமல் கிண்டிக் கிண்டி வறுத்தாள். இன்றைக்கு நானே போய், நானே கேட்டுவிடுகிறேன், அவனுக்கு வாய் வராவிட்டால் எனக்கு வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். காய்ச்சி, பழைய பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி வைத்தாள். சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மதுமதி.

“அத்தை... அத்தை, அப்பா...”

அதற்கு மேல் அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பாட்டிலில் இருந்த சூடு ஆறுவதற்குள் பாப்பாயி வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். கந்தம்மாளின் மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில், அதே கட்டிலில், தலைமாட்டில் விளக்கெரிய, வெள்ளியங்கிரி படுத்திருந்தான். தாடையைச் சேர்த்துத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பாப்பாயி பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே அந்தத் துணிக்கட்டைப் பார்த்தாள். வாயைக் கட்டிவிட்டார்கள். இனி அந்த வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. இனி அந்த வாய்க்குள் ஒரு மிடறு உள்ளே போகாது.

“கொண்டாந்துட்டனே சாமி! உனக்குத்தான கொண்டாந்தேன்! வாயத் தெற சாமி!”

அவள் போட்ட சத்தத்தில், பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் குறைந்தது. பாப்பாயி அங்கேயேதான் இருந்தாள். கந்தம்மாள் தினமும் தூக்குப்போசியில் அவளுக்கு உப்புத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தனுப்பினாள். இவ்வளவு துக்கத்திலும் ஆணையைக் காப்பாற்றுகிறாளே என்று சிலர் மெச்சினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மஞ்சுளா மட்டும் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. மூலையில் சுருண்டு கிடந்தாள். மகள் கெஞ்சியும் வாயில் ஒன்றும் படவிடவில்லை.

அன்று மத்தியானம், உறவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று துக்கம் கேட்க வந்தது. அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, ஒரு மூத்த பெண் மஞ்சுளாவின் தோளைத் தொட்டாள்.

“நீ அந்தப் பக்கம் போயி உக்காரு சாமி. உனக்குத் தெரியாததா? புதுப்பொண்ணு வருது.”

மஞ்சுளா சுவரைப் பிடித்து எழுந்தாள். தலை குனிந்திருந்தது.

பாப்பாயியின் காதில் விழுந்தது அதே சொல். முப்பது வருடத்துக்குப் பிறகு, அதே கல்யாணத்தில் புதுப்பெண்ணாக நின்றவளின் தலையில் வந்து விழுகிறது. சரேலென்று எழுந்து போய் மஞ்சுளாவின் கையைப் பிடித்தாள்.

“இவ எங்கேயும் போக மாட்டா. இது இவ ஊடு. பாக்கறதுக்கு ஆகாதவிய வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போங்க.”

அந்தப் புதுப்பெண்தான் முதலில் உள்ளே வந்து, மஞ்சுளாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுளாவைத் தம்பியின் கட்டிலிலேயே உட்காரவைத்தாள் பாப்பாயி. பிறகு சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். முப்பது வருடமாக அந்த அடுப்பில் அவள் பிறருக்குச் சமைத்திருக்கிறாள், தனக்கென்று ஒரு வாய் எடுத்ததில்லை. தன் பையிலிருந்த சோளத்தை எடுத்தாள். அவள் காய்ச்சிக் கொண்டுவந்தது சாவு வீட்டுக் களேபரத்தில் எங்கோ சிந்திப் போயிருந்தது. கந்தம்மாள் கஞ்சியோடு கொடுத்தனுப்பிய பச்சைச் சோளம்தான் பையில் இருந்தது. சட்டியில் போட்டு வறுத்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் காய்ச்சினாள்.

வாசம் கூடத்துக்கு வந்ததும் மஞ்சுளா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“குடி கண்ணு. ஒரு வாய். உசுரு இருக்கோணுமில்ல. அந்தப் புள்ளைக்காகவாவது.”

மஞ்சுளா டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

“நீங்க வராத நாளெல்லாம், பஸ் வர்ற நேரத்துக்கு வாசல்ல சேர் போடச் சொல்லி உக்காந்துக்குவாருங்க நங்கையா. ‘இன்னைக்கு அக்கா வந்தா வாசல்லயே நிறுத்திக் கேட்டுப்புடுவேன்’னு சொல்லுவாரு. என்ன கேக்கப் போனாரோ, எனக்குத் தெரியாதுங்க. தப்புத்தான்க்கான்னு சொல்ல நெனச்சாரோ, டீ வைக்கட்டுமான்னு கேக்க நெனச்சாரோ...” குரல் உடைந்தது. “ஃபிளாஸ்க்க மாத்துனது என் கைதானுங்க. அந்தப் பாவம் எனக்குத்தான். நீங்க குடிங்க. நீங்க குடிக்காட்டி எனக்கும் வேண்டாங்க.”

டம்ளரைத் திருப்பி நீட்டினாள். மணநாள் மாலையில் பாலும் பழமும் நீட்டிய அதே கைகள். இப்போது வளையல் இல்லை.

பாப்பாயி சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். அங்கேயும் வெள்ளியங்கிரி கொஞ்சம் தலை குனிந்துதான் இருந்தான். அந்த ஒரு வார்த்தை இனி வரப்போவதில்லை. வராத வார்த்தைக்காக, இருக்கிற ஒருத்தியையும் காயவிடுவதா? டம்ளரை வாங்கினாள். வாயில் வைத்தாள். சூடாக, உப்பில்லாமல், பிறந்த ஊர்த் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கியது. பாதி குடித்துவிட்டு மீதியை மஞ்சுளாவிடம் கொடுத்தாள். மஞ்சுளா ஒரே மூச்சில் குடித்தாள். இருவர் முகத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மஞ்சுளா மெதுவாகக் கேட்டாள்.

“எப்படீங்க இருந்துச்சு?”

பாப்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணி நல்லாத்தான் இருக்குது கண்ணு. சோளத்தத்தான் இன்னும் செத்த நேரம் வறுத்திருக்கோணும்.”